"இந்தக் குரங்கு எப்போ மனுஷன் ஆகும்?" – ஜூவுக்குக் கிளம்பற அம்மாவுக்கு ஒரு பதில்

வாசகி கேள்வி: எனக்கு 6 வயசுல பொண்ணு, 4 வயசுல பையன். போன மாசம் ஜூவுக்குப் போயிருந்தோம். சிம்பன்சி இருக்கற இடத்துல என் வீட்டுக்காரர் "இதுல இருந்துதான் நாமெல்லாம் வந்தோம்"னு சொல்லிட்டார். பொண்ணு விடவே இல்ல. "அப்போ பாட்டியோட பாட்டி குரங்கா? இந்தக் குரங்கு எப்போ மனுஷன் ஆகும்? நாம இங்கயே இருந்து பாக்கலாமா?"ன்னு ஒரே கேள்வி. கூட வந்த மாமியார் "சாமி படைச்சது எல்லாம், புள்ளைக்குக் கண்டதையும் சொல்லாதீங்க"ன்னு கோவிச்சுக்கிட்டாங்க. பையனுக்கு டைனோசர் பைத்தியம், ஜூல டைனோசரே இல்லைன்னு வர்ற வழி முழுக்க அழுகை. அடுத்த லீவுல திரும்பப் போகப்போறோம். இந்த வயசுல பரிணாமம் பத்தியெல்லாம் சொல்லலாமா? சொன்னா எப்படி? நான் படிச்சது காமர்ஸ், எனக்கே ஒழுங்கா தெரியாது.

வணக்கம்ங்க. உங்க பொண்ணு கேட்டதுல "இங்கயே இருந்து பாக்கலாமா"ங்கற இடத்த நான் ரெண்டு தடவ படிச்சேன். 18 வருஷமா ஜூவுக்கு வர்ற பசங்களுக்கு விலங்குகளப் பத்திச் சொல்லிக்குடுக்கறதுதான் என் வேலை, "எப்போ மனுஷன் ஆகும்"னு நிறைய பேர் கேட்டிருக்காங்க, ஆனா உக்காந்து பாத்துடலாம்னு சொன்ன புள்ளைங்க ரொம்பக் கம்மி. அவ தப்பா யோசிக்கலைங்க. குரங்குதான் மனுஷன் ஆச்சுன்னு பெரியவங்க சொன்னா, அப்போ எதிர்ல நிக்கற குரங்கும் ஆகணும்தானே? அவ கணக்கு சரி, நாம குடுத்த தகவல்தான் தப்பு.

முதல்ல அதச் சரி பண்ணிடலாம். சிம்பன்சில இருந்து நாம வரல. சிம்பன்சி நமக்குப் பாட்டி இல்ல, அது நமக்குப் பெரியப்பா வீட்டுப் புள்ள மாதிரி. இத அப்படியே அவகிட்ட சொல்லுங்க, "பெரியப்பா வீட்டு அக்கா இருக்கால்ல, அவகிட்ட இருந்தா நீ பொறந்த? இல்லல்ல, ஆனா ரெண்டு பேருக்கும் பாட்டி ஒண்ணு, அதனாலதான் மூக்கு ஒரே மாதிரி இருக்கு." நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான அந்தப் பாட்டி வாழ்ந்தது ஏறக்குறைய 60-70 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி. அந்தப் பாட்டி மனுஷியும் இல்ல, இன்னைக்கு இருக்கற சிம்பன்சியும் இல்ல. நேர்ல பாத்தா நாம அத வாலில்லாக் குரங்குன்னுதான் சொல்லியிருப்போம், அதையும் மறைக்க வேணாம், உங்க பொண்ணு அத நல்லாவே தாங்கிக்குவா. ஒரு பக்கம் போன பேரப்புள்ளைங்க கொஞ்சம் கொஞ்சமா மாறி நாமளா ஆனோம், இன்னொரு பக்கம் போனவங்க மாறி சிம்பன்சி ஆனாங்க. அதுவும் அதே 60-70 லட்சம் வருஷம் மாறிக்கிட்டேதான் வந்திருக்கு, எங்கயும் பாதில நின்னுடல. அது மனுஷன் ஆகறதுக்காகக் காத்துட்டு இல்ல, சிம்பன்சியா இருக்கறதுல அது முழுசா தேறிட்ட ஒரு உயிர். இந்த ஒரு விஷயம் மனசுல ஏறிடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்சதுங்க, மிச்சத்துக்கு ஜூவே உதவி பண்ணும்.

இந்தக் குழப்பத்துக்கு நம்ம பாஷையும் ஒரு காரணம்னு எனக்கு வேலைல சேர்ந்து கொஞ்ச வருஷம் கழிச்சுத்தான் உறைச்சுது. மரத்துல தாவற வால் குரங்கும் குரங்குதான், கொரில்லாவும் மனிதக் குரங்குதான், எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டிடறோம். ஆனா சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் இதுங்களுக்கு வாலே கிடையாது, சிம்பன்சிக்கு வால் குரங்கவிட நாமதான் நெருங்கின சொந்தம். இதக் கேட்டா பெரியவங்களே ஒரு நிமிஷம் திரும்பிப் பாப்பாங்க. ஜூக்குள்ள நுழைஞ்சதும் பொண்ணுகிட்ட "வால் இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லு"ன்னு விட்டுடுங்க, அவளே ரெண்டு கூட்டமா பிரிச்சுடுவா. இன்னொரு வார்த்தை 'பரிணாம வளர்ச்சி'. வளர்ச்சின்னு சொன்ன உடனே சின்னது பெருசாகுது, மட்டமானது ஒசந்ததாகுதுன்னு ஒரு ஏணி மனசுல வந்து நிக்குது, அந்த ஏணில எல்லாருக்கும் மேல நாம உக்காந்துக்கறோம். பரிணாமம்னா மாற்றம், அவ்ளோதான். நான் பசங்ககிட்ட வளர்ச்சிங்கற வார்த்தையவே எடுக்கறதில்ல, "தலைமுறை தலைமுறையா மாறறது"ன்னுதான் சொல்றேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் பரவால்ல. வளர்ச்சின்னா அவங்களுக்குப் புழு பட்டாம்பூச்சி ஆகறதுதான் ஞாபகம் வரும், கார்ட்டூன்ல ஒரு மிருகம் பளிச்சுனு வெளிச்சம் அடிச்சு வேற மிருகமா மாறும்ல, அது ஞாபகம் வரும். புழு பட்டாம்பூச்சி ஆகறது ஒரே உயிரோட வாழ்க்கைல நடக்கறது, பரிணாமத்துல எந்த ஒரு உயிரும் தான் உயிரோட இருக்கும்போது வேற ஒண்ணா ஆகறதே இல்ல.

இதவிடப் பெரிய வில்லங்கம் இன்னொண்ணு இருக்கு, "அதுக்காக". யானைக்குத் தும்பிக்கை எதுக்கு, தண்ணி குடிக்கறதுக்காக. ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து எதுக்கு நீளம், ஒசரத்துல இருக்கற இலையத் திங்கறதுக்காக. நாம எல்லாரும் இப்படித்தான் சொல்லுவோம். சின்னப் பசங்களுக்கு இயல்பாவே எல்லாத்துலயும் 'எதுக்காக' தேடற புத்தி உண்டு. டெபோரா கெலமன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், பாறை ஏன் கூரா இருக்குன்னு பசங்ககிட்ட கேட்டுப் பாத்தாங்க, மிருகங்க மேல உக்காந்து உடைச்சிடக்கூடாதுன்னுதான் கூரா இருக்குங்கற மாதிரியான விளக்கத்தத்தான் பசங்க விரும்பி எடுத்துக்கிட்டாங்க. இந்தப் புத்தி மேல நாமளும் "இலை திங்கறதுக்காக கழுத்து நீண்டுச்சு"ன்னு சொல்லி வச்சா, ஒட்டகச்சிவிங்கி ஆசைப்பட்டு முயற்சி பண்ணி கழுத்த நீட்டிக்கிச்சுன்னு அப்படியே பதிஞ்சிடும். நானே வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன், எட்டாத இலைய நீட்டி நீட்டித் தின்னு கழுத்து நீளமாச்சுன்னு. ஒரு குட்டிப் பையன் ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பி வந்து, தெனமும் கழுத்த நீட்டிப் பாக்கறேன் எனக்கு மட்டும் நீளமாகலையேன்னு வருத்தமா கேட்டான். அன்னைக்கு வீட்டுக்குப் போய் உக்காந்து என் பேச்சு முழுசையும் மாத்தி எழுதினேன், எத்தன பசங்களுக்குத் தப்பா சொல்லி அனுப்பியிருக்கேன்ங்கறது இன்னைக்கும் உறுத்தும்.

இப்போ நான் ஒட்டகச்சிவிங்கி முன்னாடி வேற மாதிரி ஆரம்பிக்கறேன். பசங்கள குனியச் சொல்லி கழுத்துக்குப் பின்னாடி கைவச்சுப் பாக்கச் சொல்லுவேன், கீழ ஒரு முண்டு துருத்திக்கிட்டு தட்டுப்படும், பொதுவா அது ஏழாவது கழுத்தெலும்பு. நமக்குக் கழுத்துல எலும்பு ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கு எத்தன இருக்கும்னு கேளுங்க, அம்பது நூறுன்னு கத்துவாங்க. அதுக்கும் ஏழுதான், ஆனா ஒவ்வொண்ணும் கால் மீட்டர் கிட்ட நீளம். புதுசா எலும்பு எதுவும் முளைக்கல, இருந்த ஏழேதான் தலைமுறை தலைமுறையா நீண்டுருக்கு. எலிக்கும் ஏழு, திமிங்கலத்துக்கும் ஏழு, ஏன்னா எல்லாருக்கும் பழைய பாட்டி ஒண்ணு. அப்புறம்தான் கதை. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி அந்தக் கூட்டத்துல சிலதுக்குக் கழுத்து கொஞ்சம் நீளம், சிலதுக்குக் குட்டை, நீயும் தம்பியும் ஒரே ஒசரமா இல்லல்ல அந்த மாதிரி. நீளமா இருந்ததுங்க நல்லா சாப்பிட்டுச்சு, நிறைய குட்டி போட்டுச்சு, குட்டிங்களும் அம்மா அப்பா மாதிரி நீளக் கழுத்தோட பொறந்துச்சு. அதனால போகப்போக நீளக் கழுத்து நிறைய ஆயிடுச்சு. பாருங்க, 'அதுக்காக' போய் 'அதனால' வந்துடுச்சு, அந்த ஒரு சொல் மாறினா போதும். சாப்பாடு மட்டும்தான் காரணமா, இல்ல ஆண் ஒட்டகச்சிவிங்கிங்க கழுத்தால அடிச்சுச் சண்டை போடறதுல நீளக் கழுத்துக்கு ஜெயம் கிடைச்சதும் சேர்ந்ததான்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிச்சுட்டு இருக்காங்க, 6 வயசுக்கு அதெல்லாம் வேணாம், நீங்க தெரிஞ்சு வச்சுக்கோங்க.

இந்த வயசுல சொல்லலாமான்னு கேட்டீங்க. தாராளமா சொல்லலாம். அதே கெலமன் குழு 2014-ல பாஸ்டன் பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 5-ல இருந்து 8 வயசுப் பசங்களுக்கு ஒரு படக்கதை. கற்பனை மிருகம், பூச்சி தின்னும், சிலதுக்குத் தும்பிக்கை தடிமன், சிலதுக்கு ஒல்லி. வெயில் அதிகமாகி பூச்சியெல்லாம் குறுகின பொந்துக்குள்ள போயிடுது, ஒல்லித் தும்பிக்கைதான் உள்ள நுழையுது, அதுங்க பொழச்சுக் குட்டி போடுது. இவ்ளோதான் கதை. கதை கேட்டதுக்கு அப்புறம் நிறைய பசங்க அதே நியாயத்த வேற ஒரு மிருகத்துக்கும் பொருத்திச் சொன்னாங்க, 3 மாசம் கழிச்சும் மறக்கல. அதனால வயசு பத்தாதுங்கற பயம் வேணாம், ஒரு காரணம் அடுத்த காரணத்த இழுத்துட்டு வர்ற மாதிரி கதையா இருந்தா புடிச்சுக்குவாங்க. உங்க பையனுக்கு 4 வயசு, அவனுக்கு யாரு யாருக்குச் சொந்தம்ங்கறதே போதும், மிச்சத்த அக்கா பேசறதக் கேட்டுக்கட்டும்.

ஜூவுக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி வீட்டுல ஒரு விளையாட்டு விளையாடுங்க. பச்சைத் தாள், சிவப்புத் தாள் ரெண்டுலயும் நகம் அளவுக்கு 20-20 துண்டு வெட்டி புல்தரைல தூவிடுங்க, புல் இல்லைன்னா பச்சைப் போர்வை போதும். பொண்ணுதான் பறவை, தாள் எல்லாம் பூச்சி. ரெண்டே விரலால ஒவ்வொண்ணா பொறுக்கணும், நீங்க 20 வரைக்கும் எண்ணி நிறுத்திடுங்க. மிச்சம் எது இருக்கோ அது ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அதே நிறத்துல ஒண்ணு வைங்க, அதுதான் குட்டி. திரும்பப் பொறுக்கட்டும். மூணாவது சுத்துல தரை முழுக்கப் பச்சையாத்தான் இருக்கும், சிவப்பு ஒண்ணு ரெண்டு தேறினா அதிகம். அப்போ கேளுங்க, "ஏதாவது ஒரு தாள் பச்சையா மாறணும்னு முயற்சி பண்ணுச்சா?" அவ சிரிப்பா. தாள் எப்படி முயற்சி பண்ணும்! ஆனா பச்சை நிறைய ஆயிடுச்சுல்ல. அடுத்த நாள் சிவப்புத் துணி விரிச்சு அதையே விளையாடுங்க, இப்போ பச்சை மாட்டிக்கும். பச்சை ஒசத்தியும் இல்ல சிவப்பு மட்டமும் இல்ல, இடத்தப் பொறுத்ததுன்னு நீங்க வாயத் திறக்காமலே அவளுக்குத் தெரிஞ்சிடும். இது வெறும் விளையாட்டு இல்லைங்க, அமெரிக்காவோட பாலைவனத்துல ஒரு குட்டி எலி இருக்கு, மணல் பக்கம் இருக்கறது மணல் நிறம், எரிமலைக் குழம்பு உறைஞ்ச கறுப்புப் பாறைல இருக்கறது கறுப்பு, ஆந்தை கண்ணுக்கு எது தெரியுதோ அது போயிடும், அச்சு அசல் இதே கதை.

செத்துப்போறதப் பத்திப் பேச வேண்டி வருமேன்னு சில அம்மாக்கள் தயங்குவாங்க. நான் மறைக்கறதில்ல, ஆனா கதைய சாவுல நிறுத்தறதும் இல்ல, "இதுக்கு நிறைய குட்டி, அதுக்குக் கம்மி குட்டி"ங்கற இடத்துல நிறுத்துவேன், உண்மையிலயே பரிணாமத்துல கணக்கு அங்கதான் இருக்கு.

இப்போ ஜூ. தயவுசெஞ்சு எல்லாத்தையும் பாத்துடணும்னு ஓடாதீங்க. நாலஞ்சு இடம் போதும், ஒவ்வொண்ணுலயும் கால் மணி நேரம். காலைல திறந்த உடனே போயிடுங்க, வெயில் ஏறினா நிறைய விலங்குங்க படுத்துடும், பசங்களும் சோர்ந்துடுவாங்க.

பையனோட டைனோசர்ல இருந்து ஆரம்பிங்க. ஜூல டைனோசர் இல்லைன்னு யாரு சொன்னது? பறவைங்க எல்லாமே டைனோசர் வம்சம்தான், பேச்சுக்குச் சொல்லல, இன்னைக்கு விஞ்ஞானிங்க பறவைய டைனோசரோட ஒரு கிளையாவேதான் வகைப்படுத்தறாங்க. 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி மத்ததெல்லாம் அழிஞ்சப்போ தப்பிச்ச கூட்டம் இது. அவன நேரா நெருப்புக்கோழி இல்ல ஈமு இருக்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போய், மூஞ்சியப் பாக்க விடாதீங்க, கால மட்டும் பாக்கச் சொல்லுங்க. செதில் செதிலா தடிச்ச தோலு, பெரிய நகம், நெருப்புக்கோழிக்கு ரெண்டு விரல், ஈமுவுக்கு மூணு. அது நடக்கும்போது கால எடுத்து வைக்கறதையும், வைக்கறதுக்கு முன்னாடி விரல் மடங்கறதையும் பாத்தா உங்களுக்கே சிலிர்க்கும். ஒரு தடவ 4 வயசுப் பையன் ஒருத்தன் கம்பிக்குக் கீழ மண்டி போட்டு உக்காந்து ஈமு கால ரொம்ப நேரம் பாத்துட்டு, மெதுவா எந்திரிச்சு அம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டான், அவன் கண்ணுக்கு அது டைனோசராவே தெரிஞ்சுடுச்சு. அப்படியே முதலைகிட்ட வாங்க, இது பல்லிக்குச் சொந்தமா பறவைக்குச் சொந்தமான்னு கேளுங்க. பாத்தா பல்லி மாதிரிதான் இருக்கு, ஆனா உயிரோட இருக்கறதுலயே முதலைக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் பறவைதான். பறவை மாதிரியே கூடு கட்டும், முட்டைக்குக் காவல் இருக்கும், இதயத்துல நாலு அறை இருக்கும்.

உருவத்தப் பாத்து ஏமாறற மாதிரியே பேரப் பாத்தும் ஏமாறுவோம், இது நம்ம தமிழ்ப் பேர வச்சு விளையாடக் கூடிய ஒரு விளையாட்டு, நடந்து போகும்போது வச்சுக்கோங்க, "பேரு உண்மையா பொய்யா". வரிக்குதிரை, உண்மை, குதிரைக்குச் சொந்தம்தான். நீர்யானை, பொய், யானைக்கும் அதுக்கும் ரொம்ப தூரம், அதோட நெருங்கின சொந்தம் திமிங்கலம். கடற்பசு, அதுவும் பொய், பசு இல்ல, அதுதான் நெஜமா யானைக்குச் சொந்தம்! முள்ளம்பன்றி பன்றி இல்ல, எலி அணில் கூட்டம். கழுதைப்புலி கழுதையும் இல்ல, புலியும் இல்ல, பாக்க நாய் மாதிரி இருக்கும், ஆனா நாயவிடப் பூனைக்கும் கீரிக்கும்தான் பக்கம், அதனால பேர்ல பாதி ஏதோ தொட்டுட்டுப் போகுது. நம்ம முன்னோர் கண்ணால பாத்து வச்ச பேரு, அதுல தப்பே இல்ல, வெளித்தோற்றத்த வச்சு வச்சாங்க. எலும்பையும் மரபணுவையும் பாத்தா வேற கதை வருது, அத உங்க பொண்ணு ஒரு துப்பறியற வேலை மாதிரி எடுத்துக்குவா.

பாம்பு பிரிவுல மலைப்பாம்பு இருந்தா கொஞ்சம் நில்லுங்க. கண்ணாடிக்கு ஒட்டின மாதிரி அது அடிவயித்தக் காட்டிப் படுத்திருந்தா அதிர்ஷ்டம். வால் ஆரம்பிக்கற இடத்துல, ரெண்டு பக்கமும், ரோஜா முள்ளு மாதிரி ஒவ்வொரு சின்ன நகம் நீட்டிட்டு இருக்கும், ஆணுக்குக் கொஞ்சம் பெருசா இருக்கும். அது பின்னங்காலோட மிச்சம். பாம்புங்களோட பழைய பாட்டிக்குக் கால் இருந்துச்சு. நான் பசங்ககிட்ட முதல்ல எதுவும் சொல்லமாட்டேன், "இந்தப் பாம்புகிட்ட இருக்கக் கூடாத ஒண்ணு இருக்கு, கண்டுபுடிங்க"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவேன். கண்டுபுடிச்சவங்க போடற சத்தம் இருக்கே, அதுக்காகவே நான் இந்த வேலைல இருக்கேன்னு கூடச் சொல்லலாம்.

பூநாரை இருந்தா ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போங்க. அதோட இளஞ்சிவப்பு திங்கற தீனில இருக்கற நிறமில இருந்து வருது, குஞ்சு பொறக்கும்போது சாம்பல் நிறம்தான். தின்னு வந்த நிறம் பரம்பரையா குஞ்சுக்குப் போறதில்ல, அம்மா மாதிரி அதுவும் தின்னுதான் நிறம் வாங்கணும். அம்மா நகத்துல பாலிஷ் போட்டா பொறக்கற பாப்பாவுக்குப் பாலிஷோட நகம் வராதுல்ல, அந்த மாதிரின்னு சொன்னா போதும்.

கடைசியா சிம்பன்சி, ஒராங்குட்டான், எது இருக்கோ அங்க போங்க. இங்க ஒரு உண்மைக் கதை இருக்கு, என் மனசுக்கு ரொம்பப் பிடிச்சது. 1838 மார்ச் மாசம் சார்லஸ் டார்வின் லண்டன் ஜூவுக்குப் போனார். அப்போ அவருக்கு 29 வயசு, கப்பல்ல 5 வருஷம் உலகம் சுத்திட்டு வந்து குறிப்பு குறிப்பா எழுதிட்டு இருந்த நேரம், அவரோட பரிணாமக் கொள்கைய புத்தகமா உலகத்துக்குச் சொல்ல இன்னும் 21 வருஷம் இருக்கு. ஒட்டகச்சிவிங்கி வீட்டுக்குள்ள ஜென்னின்னு ஒரு ஒராங்குட்டான வச்சிருந்தாங்க. பராமரிக்கறவர் ஒரு ஆப்பிளக் காட்டிட்டுக் குடுக்காம நின்னார், உடனே ஜென்னி மல்லாக்கப் படுத்துக் கால உதைச்சு அழுதுச்சு, அடம் புடிக்கற குழந்தை எப்படியோ அப்படியே. அழுகைய நிறுத்தி நல்ல பொண்ணா இருந்தா தர்றேன்னு அவர் சொன்னதும் அடங்கி, ஆப்பிள வாங்கிட்டு ஒரு நாற்காலில ஏறி உக்காந்து தின்னுச்சாம். டார்வின் இத அவர் அக்காவுக்குக் கடிதத்துல எழுதினார். உலகத்தையே புரட்டிப் போட்ட ஒரு யோசனைக்குப் பின்னாடி, உங்க பொண்ணு நின்ன மாதிரியே ஜூல ஒரு வாலில்லாக் குரங்கு முன்னாடி நின்னு கண்ணக் கொட்டாம பாத்த ஒருத்தர் இருக்கார், அத அவகிட்ட சொல்லுங்க. ஒராங்குட்டான்ங்கற பேருக்கே மலாய் மொழில காட்டு மனுஷன்னுதான் அர்த்தம், அந்தக் காட்டுப் பக்கத்து ஜனங்க எப்பவோ சொந்தத்தப் பாத்துட்டாங்கன்னு எனக்குத் தோணும்.

அந்த இடத்துல பல்லக் காட்டறது, கத்தறது, கண்ணாடியத் தட்டறது எதையும் பசங்கள பண்ண விடாதீங்க, பல்லு தெரியக் காட்டினா அதுக்குப் பயமாவோ மிரட்டலாவோ படலாம். ஏதாவது ஒரு விலங்கு ஒரே தடத்துல முன்னும் பின்னும் நடந்துட்டே இருந்தா பொண்ணு கண்டிப்பா கேப்பா. "விளையாடுது"ன்னு சொல்லிடாதீங்க. பெரும்பாலும் அது அடைபட்டு இருக்கறதோட சங்கடம், நல்ல ஜூக்கள்ல அதக் குறைக்கறதுக்கு நிறைய முயற்சி எடுப்பாங்க, ஆனா குழந்தைகிட்ட உண்மையத்தான் சொல்லணும். சொந்தம்னு சொல்லிக்குடுத்துட்டு அதோட கஷ்டத்த மட்டும் மறைச்சா அவ நம்மள நம்பமாட்டா.

வெளிய வர்ற வழில ஒரு நடை இருக்கு. கேட்டுல நின்னு, ஒரு எட்டு வச்சா 10 லட்சம் வருஷம் பின்னாடி போறோம்னு வச்சுக்கோங்க. நம்மள மாதிரி மனுஷங்க வந்து ஏறக்குறைய 3 லட்சம் வருஷம், அது பாப்பாவோட செருப்பு நீளம் கூட வராது. 6, 7 எட்டு வச்சா சிம்பன்சியும் நாமளும் பிரிஞ்ச பாட்டி. 66-வது எட்டுல பெரிய டைனோசர்ங்க அழியுது, பையன அங்க நிறுத்தி ஒரு உறுமல் உறுமச் சொல்லுங்க. 150-ல ஆர்க்கியாப்டெரிக்ஸ், பல்லும் நீள வாலும் இருந்த இறகு வச்ச ஜீவன். 375-ல மீன் துடுப்புக்குள்ள மணிக்கட்டு மாதிரி எலும்போட டிக்டாலிக்ங்கற பழைய மீன், அதோட புதைபடிவத்த 2004-ல கனடாவோட வடகோடில கண்டெடுத்தாங்க. அதோட நிறுத்திக்கலாம், ஏன்னா முதல் உயிர் தடயம் வரைக்கும் போகணும்னா 3500 எட்டு, குழந்தை கால்ல ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல. அப்போதான் "இங்கயே இருந்து பாக்கலாமா"ன்னு அவ கேட்டதுக்குப் பதில் கிடைக்கும், ஒரு எட்டுக்கே நாம எல்லாரோட வாழ்நாளையும் சேத்தாலும் பத்தாது.

மாமியார் விஷயம். அவங்க சொன்னத பசங்க முன்னாடி தப்புன்னு சொல்லாதீங்க, அவங்களும் பாசத்துலதான் சொல்றாங்க. நான் பசங்ககிட்ட சொல்றது இதுதான், "எலும்பையும் மரபணுவையும் பாத்து விஞ்ஞானிங்க கண்டுபுடிச்சது எப்படி நடந்துச்சுன்னு, யாரு ஏன் பண்ணாங்கங்கறது பாட்டிகிட்ட கேக்கற கேள்வி." ரெண்டையும் சேத்து வச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கற விஞ்ஞானிங்க நிறைய பேர் உண்டு. ஆனா 'எப்படி'ங்கற கேள்விக்கான பதில, யாரு மனசும் நோகக் கூடாதுன்னு மழுப்பிடாதீங்க. முடிஞ்சா இந்தத் தடவையும் அவங்களக் கூட்டிட்டுப் போங்க, கழுத்தெலும்ப எண்ணற விளையாட்டுல அவங்களையும் சேத்துக்கோங்க.

காமர்ஸ் படிச்சதுன்னு எழுதியிருந்தீங்க. அது ஒரு குறையே இல்லைங்க. தெரியாதது வந்தா "எனக்கும் தெரியல, எழுதி வச்சுக்கலாம்"னு ஒரு சின்ன நோட்டுல அவ கையாலயே எழுத வைங்க, படிக்கறதும் எழுதறதும் இப்போதான் வர்ற வயசு, நாலு எழுத்துத் தப்பா இருந்தாலும் இருக்கட்டும். அந்த நோட்டுலயே சிம்பன்சி முன்னாடி உக்காந்து ரெண்டு படம் வரையச் சொல்லுங்க. முதல்ல அவ கைய தாள்ல வச்சுச் சுத்தி பென்சில்ல கோடு போடட்டும். அப்புறம் சிம்பன்சியோட கைய பாத்து வரையட்டும், அது கம்பியப் புடிக்கும்போதோ எதையாவது உரிச்சுத் தின்னும்போதோ நல்லாத் தெரியும். நகம் இருக்கு, பிராண்டற மாதிரி வளைஞ்ச நகம் இல்ல, நம்மளோடது மாதிரி தட்டையா. உள்ளங்கைல ரேகை இருக்கு. விரல் நம்மளவிட நீளம், கட்டைவிரல் மட்டும் குட்டையா கீழ தள்ளி இருக்கும், அத நீங்க சொல்லாதீங்க, அவளே பாக்கட்டும். வரைஞ்சதும் அந்தப் பக்கத்த ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, கட்டைவிரல எங்க போட்டிருக்கான்னு பாக்க எனக்கும் ஆசையா இருக்கு.